கல்பாசியைச் சுற்றி ஒரு வட்டம்

பினாங்கில் ஹம்மிங்பேர்ட் கிடையாது. பினாங்கில் மட்டுமல்ல, ஆசியாக் கண்டம் முழுவதிலுமே கிடையாது. இந்தச் செய்தி எனக்குத் தெரியவந்தபோது, நான் அதைப் பதினெட்டு ஆண்டுகளாகச் சுற்றுப்பயணிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

என் தொழில் வேன் ஓட்டுவது. பத்துப் பேர் உட்காரும் வேன். பதினோராவது ஆளாக என் வாய். விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டு கோட்டை, கோயில், கொடிமலை அடிவாரம் என்று சுற்றிவிட்டு, கடைசியில் தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் இறக்குவேன். அங்கே ஒரு செம்பருத்திப் புதர் உண்டு. காலை வேளையில் அதற்குக் கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி வரும். மஞ்சள் வயிறு, நீலம் மின்னும் கழுத்து, கொக்கிபோல் வளைந்த அலகு. நான் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "ஹம்மிங்பேர்ட்" என்பேன். அவ்வளவுதான். கேமராக்கள் உயரும். உலகத்தின் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் என் பொய் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும்.

நான் மட்டும் குற்றவாளி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். ஒருவன் சொன்னால் பொய், ஊரே சொன்னால் பெயர். ஆனால் ஊரில் யாரும் அதை வேன் வைத்துக் காட்டவில்லை. நான் காட்டினேன்.

பிடிபட்ட நாளில் என் மனைவியும் வேனில் இருந்தாள். அவள் தொழிற்சாலை வேலையை விட்டிருந்த புதிது. முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அன்றைய பயணிகளில் ஈக்வடாரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா இருந்தார். நான் வழக்கம்போல் கையை உயர்த்தி, குரலைத் தாழ்த்தி, வழக்கமான சொல்லைச் சொன்னேன். அந்த அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குருவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது உட்கார்ந்து சாப்பிடுகிறதே" என்றார்.

"மரியாதை தெரிந்த பறவை, அம்மா."

"எங்கள் ஊர் ஹம்மிங்பேர்ட் உட்கார்ந்து சாப்பிடாது. காற்றில் நின்றபடி குடிக்கும். இது வேறு பறவை. அழகான பறவைதான். ஆனால் வேறு."

பத்துப் பேர் முன்னால். என் மனைவி வேனுக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். அவளுக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் புரியும். என் முகத்தைப் படிப்பது அதைவிட நன்றாக வரும். அந்த அம்மா கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து அவளிடம் காட்டினார். அவருடைய ஊருக்கு மேலே, குளிர் மலைகளில் இருக்கும் ஒரு வகை. வாள்போல நேராக நீண்ட அலகு. அந்த அலகு அதன் உடம்பைவிட நீளம். கிளையில் அமரும்போது கழுத்து தாங்காது என்பதால் அலகை வானம் பார்க்கத் தூக்கி வைத்துக்கொள்ளுமாம்.

மனைவி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்னாங்க, இது நீங்கதான் லா. உடம்பு இத்தினிக்கூண்டு, வாய் மட்டும் இவ்ளோ நீட்டு."

மொழிபெயர்க்க மறுத்தேன். அவளே மொழிபெயர்த்தாள். வேன் முழுக்கச் சிரிப்பு.

போகிற வழியில் அந்த அம்மா ஒரு பனை மரத்தடியில் நின்றார். சாம்பலும் பச்சையும் கலந்து, காய்ந்த தேமல்போல மரத்தில் படர்ந்திருந்த ஒன்றை விரலால் தொட்டார். "இது எங்கள் ஊரிலும் உண்டு. எங்கள் பறவைகள் இதைக் கொத்திக்கொண்டு போய், சிலந்தி நூலால் கூட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். கூடு கிளையோடு கிளையாகத் தெரியும், யாரும் கண்டுபிடிக்க முடியாது." அதற்கு ஆங்கிலத்தில் லைக்கன் என்று பெயர் சொன்னார்.

மனைவி குனிந்து முகர்ந்து பார்த்தாள். "கல்பாசி மாதிரி இருக்கு. பிரியாணிக்குப் போடுவோமே, அதோட சொந்தக்காரன்."

பிறகு தேடிப் படித்ததில், அவள் சொன்னது சரி. என் குடும்பத்தில் யார் சொல்வது சரியாக இருக்கும் என்பது அதோடு இன்னொரு முறை முடிவாயிற்று.

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் மீதி புரியும். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கியின் முன்னால் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்கிற வேலை. மேசையின் இடப்பக்கத்தில் குறையே இல்லாத ஒரு துண்டு இருக்கும். அதற்கு கோல்டன் சாம்பிள் என்று பெயர். வலப்பக்கத்தில் வந்துகொண்டிருக்கும் துண்டுகள். இதைப் பார், அதைப் பார், ஒப்பிடு, சொல்: பாஸ் அல்லது ரிஜெக்ட். நாள் முழுக்க இதே. அந்தக் கண்ணோடு வீட்டுக்கும் வருவாள்.

நான் மடித்த துணி, ரிஜெக்ட். நான் வாங்கி வந்த மீன், ரிஜெக்ட். என் மீசை, என் நண்பர்கள், நான் சொன்ன நகைச்சுவை, எல்லாம் ரிஜெக்ட். மாலையில் நான் குளித்துவிட்டு வந்து நின்றால் மேலும் கீழும் பார்த்து, "ம்ஹூம், ரிஜெக்ட்" என்பாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்வேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் நலவிசாரிப்பு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பரிசோதிக்க என்னைத் தவிர வேறு சரக்கும் இல்லை. ஒரு தடவை கேட்டேன், "அப்ப கோல்டன் சாம்பிள் யாரு?" அவள் அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள், "இன்னும் வந்து சேரலை. வந்ததும் சொல்றேன்."

அந்த ஈக்வடார் அம்மா ஊருக்குப் போய்விட்டார். நாங்கள்தான் மாட்டிக்கொண்டோம். எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில், சாக்கடை ஓரமாக ஒரு சிமெண்டுச் சுவர் உண்டு. அதில் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு ஒரு கல்பாசித் திட்டு இருப்பதை மனைவி கண்டுபிடித்தாள். அத்தனை ஆண்டுகள் அதன் பக்கத்தில்தான் நான் வேனை நிறுத்திக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் வேலையை விட்டபோது தோழிகள் அன்பளிப்பாகக் கொடுத்த சின்ன லென்ஸை எடுத்துக்கொண்டு தினமும் போவாள். துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலையும் கொண்டுபோவாள். வறண்டு, செத்துப்போன சாம்பலாய்க் கிடக்கும் திட்டின்மேல் இரண்டு பீச்சு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லப் பச்சையாகும்.

"பாத்தீங்களா? சாகலை. சும்மா நிறுத்தி வச்சிருந்துச்சு."

அதன் பிறகு வீட்டில் ஒரே ஒப்பீடுதான். ஒரு பக்கம் கல்பாசி, ஒரு பக்கம் வாள் அலகுச் சிட்டு. சோறு சாப்பிடும்போது கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் படித்துச் சொல்வாள். அந்தச் சிட்டு நாளெல்லாம் பூப் பூவாய் ஓடித் தின்னாவிட்டால் விழுந்துவிடும். கல்பாசிக்கு வெயிலும் ஈரமும் போதும். சிட்டின் இதயம் எண்ண முடியாத வேகத்தில் அடிக்கும். கல்பாசிக்கு இதயமே இல்லை. சிட்டு நின்ற இடத்தில் நிற்க வேண்டுமென்றாலும் சிறகடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்பாசி ஒட்டினால் ஒட்டியதுதான். "ஒண்ணு நீங்க, ஒண்ணு நான்" என்றாள். எது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்கும் போகாமல் நாள் முழுக்கப் படபடத்துக்கொண்டிருப்பவன் அந்த வீட்டில் ஒருவன்தான்.

கல்பாசி தனி உயிர் அல்ல என்பதையும் அவள்தான் சொன்னாள். பாசி ஒன்று, பூஞ்சை ஒன்று, இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. பாசி வெயிலில் சமைக்கும். பூஞ்சை தங்க இடம் கொடுத்து ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

"சமைக்கிறது நீ. அப்ப நான் பூஞ்சை" என்றேன்.

"அது தெரியும். உங்க சட்டைக் காலரைத் தோய்க்கிறது நான்தானே."

ஒற்றுமை என்று ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்தாள். மலைக் குளிரில், உணவு கிடைக்காத இரவு நேரத்தில் சிட்டு தன் உடம்பை அணைத்துவிடுமாம். மூச்சு இருக்கிறதா என்றே தெரியாது. கையில் எடுத்தால் செத்தது என்று போட்டுவிடுவார்கள். காலையில் வெயில் பட்டதும் சிலிர்த்துக்கொண்டு எழுந்துவிடும். "கல்பாசியும் அப்படித்தான், சிட்டும் அப்படித்தான். ரெண்டுமே செத்தமாதிரி இருந்துட்டுத் திரும்பி வரும்." தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஆயுள் கணக்குத்தான் பிடித்திருந்தது. சிட்டுக்குச் சில ஆண்டுகள், கல்பாசிக்கு நூறு ஆண்டுகூட உண்டு.

"அப்ப நான்தான் முதல்ல போவேன். நல்லதாப் போச்சு. நீ இருந்து எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டு மெதுவா வா."

"ஆமா, நான் எங்க போறது? ஒட்டிக்கிட்டுத்தான் கிடப்பேன்."

பந்தயம் வைத்தது என் வாய். அவள் ஒருநாள், அந்த வாள் அலகுச் சிட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றாள். உலகத்தின் மறுபக்கம். மூன்று விமானம் மாற வேண்டும். நான் மறுக்கவும் முடியாமல், ஒப்புக்கொள்ளவும் முடியாமல், சுவரைக் காட்டி, "இந்தக் கல்பாசி இன்னும் ஓர் அரிசி நீளம் வளரட்டும், அன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அது எவ்வளவு மெதுவாக வளரும் என்று எனக்குத் தெரியும். ஆண்டுக்கு நகத்தின் கனம் வளர்ந்தால் பெரிது. பாதுகாப்பான வாக்குறுதி.

அவள் மேலே போனாள். ஓர் அரிசியும், பால்டின் மூடியும், தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த அழியாத மை பேனாவும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். திட்டின் விளிம்பிலிருந்து அரிசியை நீளவாக்கில் வைத்து அளந்து, மூடியைச் சுவரில் அழுத்திப் பிடித்து, கை நடுங்காமல் ஒரு வட்டம் போட்டாள். நுண்ணோக்கிக் கை. அப்படியொரு வட்டம்.

"கோட்டைத் தாண்டினா டிக்கெட். நான்தான் பார்த்துச் சொல்வேன். பாஸ்னா பாஸ், ரிஜெக்ட்னா ரிஜெக்ட்."

மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு பொங்கலுக்கும் லென்ஸோடு இறங்குவாள். கோலம் போட்ட கையோடு சுவர்முன் குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ரிஜெக்ட். இன்னும் வரலை" என்பாள். நான் வானத்தைப் பார்த்துக் கும்பிடுவேன். அவள் என் முதுகில் அடிப்பாள்.

நாலாவது பொங்கலுக்கு அவள் இறங்கவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். பரிசோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். பிறகு அதற்குப் பக்கத்திலும் பரவியிருக்கிறது என்றார்கள். மருத்துவர் ஒளிப்படத்தைத் திரையில் காட்டியபோது, அவள் வேலைக் கண்ணோடு முன்னால் சாய்ந்து அதைப் பார்த்தாள். வெளியே வந்து சொன்னாள்: "பாத்தீங்களா, இது மட்டும் எவ்வளவு சுறுசுறுப்பு. கோடு கீடு எதையும் பாக்கறதில்லை." நான் சிரித்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் சாவியை எந்தப் பையில் வைத்தேன் என்று வெகு நேரம் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

மருத்துவமனையில் மூன்றாவது மாதம், அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். மாத்திரை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். கஞ்சி கொடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கெப்பாலா பத்தாஸிலிருந்து அவளுடைய அக்கா தினமும் ரசம் வைத்துக்கொண்டு படகேறி வருவார். அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்து, "தம்பி, அவளுக்கு எதுலயாவது ஆசை காட்டுங்க. ஆசை இருந்தாத்தான் வாய் திறக்கும்" என்றார்.

ஆசை. அவளுக்கு இருந்த ஒரே ஆசையை நான் ஓர் அரிசி நீளத்துக்கு அப்பால் வைத்திருந்தேன்.

மறுநாள் காலை, பெயிண்ட் கரைக்கும் தின்னரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போனேன். அவள் போட்ட வட்டத்தைத் துடைத்தேன். அழியாத மை என்று பேனாவில் எழுதியிருந்தது பொய்யல்ல. எவ்வளவு துடைத்தும் வெளிறிய ஊதாவாக ஒரு தடம் நின்றுவிட்டது. பிறகு அதற்கு உள்ளே, சின்னதாக ஒரு வட்டம் போட வேண்டும். சமையலறையில் அளவுக்குப் பொருந்தியது ஊறுகாய் பாட்டில் மூடி. அதை வைத்து, ஒரு பக்கம் மட்டும் கல்பாசியின் நுனி கோட்டுக்கு வெளியே துருத்தித் தெரியும்படி அழுத்தமாக வரைந்தேன். கறுப்பு. பளிச்சென்று. பிடிபட்ட பிறகும் விடாமல், இருபது ஆண்டுக்கு மேல் பொய்க் குருவி காட்டியவனுக்கு ஒரு பொய்க்கோடு ஒழுங்காகப் போட வரவில்லை. வட்டம் கொஞ்சம் கோணல். மூடியில் மிச்சமிருந்த எண்ணெய் வேறு சுவரில் ஒரு கறை வைத்தது.

கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தாண்டிடுச்சு! உன் கல்பாசி கோட்டைத் தாண்டிடுச்சு!"

அவள் கையை நீட்டினாள். படத்தைக் கொடுத்தேன். "லென்ஸ்" என்றாள். தலையணைக்கடியில்தான் வைத்திருந்தாள். கைப்பேசித் திரையின்மேல் லென்ஸை வைத்து, ஒரு கண்ணை மூடி, அவள் பார்த்த நேரம் இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறையில்கூட நான் அப்படி நின்றதில்லை. தலைமுடியில் பாதியளவுப் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவள். கோணல் வட்டம். ஊதாத் தடம். எண்ணெய்க் கறை. என் மனத்துக்குள் நான் வேண்டிக்கொண்டது எனக்கே விசித்திரமாக இருந்தது: ரிஜெக்ட் என்று சொல். திட்டு. என் வாயை, என் கோட்டை, என் மூஞ்சியைக் கேலி செய். சொல்லிவிடு.

அவள் லென்ஸை இறக்கினாள். என் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"பாஸ்" என்றாள்.

கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் நான் கொண்டுவந்த எதையும் பார்த்து அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நாள் அதிகம் இல்லை என்று மருத்துவர் மூன்று மாதமாக எனக்குச் சொல்லிப் புரியவைக்க முயன்றதை அவள் ஒரே சொல்லில் சொல்லிவிட்டாள்.

"நல்லாப் பாரு. வெளிச்சம் சரியில்ல. இன்னொரு தடவை பாரு" என்றேன்.

"பார்த்துட்டேன். பாஸ்தான். டிக்கெட் போடுங்க."

அதன் பிறகு பதினொரு நாள், நாங்கள் கட்டிலிலிருந்தே ஈக்வடாருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு நாள் காலையும் நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விமானம் பார்ப்பேன். அவள் கஞ்சியை இரண்டு வாய் குடித்துக்கொண்டே, "சன்னல் சீட்டு எனக்கு" என்பாள். மலைமேல் குளிரும் என்று கம்பளித் தொப்பி கேட்டாள். பினாங்கு வெயிலில் கம்பளித் தொப்பிக்காகப் பாசாரில் கடை கடையாக அலைந்தேன். கடைசியில் ஒரு சீனக் கடையில் கிடைத்தது, குரங்குக் குல்லாய் மாதிரி, காது மூடியோடு இரண்டு. போட்டுக் காட்டினேன். மருந்தால் முடியெல்லாம் கொட்டியிருந்த அவள் தலைக்கும் ஒன்றைப் போட்டுவிட்டேன். மருந்து கொடுக்க வந்த தாதி, இங்கே மிஸ்ஸி என்போம், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "அண்ணே, ஏர்கோனைக் குறைக்கவா?" என்று கேட்டார்.

"வேணாம் மிஸ்ஸி. பழகிக்கிறோம்" என்றாள் மனைவி.

ஒன்பதாவது நாள், நான் வீட்டுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டாள்.

"வரும்போது கொஞ்சம் ஊறுகா கொண்டாங்க. வாய் கசக்குது."

"சரி."

"மூடியோட கொண்டாங்க. மூடியைச் சொவத்துல விட்டுட்டு வந்துடாதீங்க."

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகள் பழகிய முகம். நான் படி இறங்கி, வேனில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து வண்டிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, நலமா என்று மலாய்மொழியில் கேட்கும்வரை அதைச் சிரிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது நாள் அவள் கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. அப்படியே இரண்டு நாள். நான் மிஸ்ஸியிடம், மலையில் வாழும் ஒரு சிட்டு இப்படித்தான், பார்த்தால் செத்ததுபோல இருக்கும், வெயில் பட்டால் எழுந்துவிடும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலைச் சன்னல் பக்கம் நகர்த்த முடியுமா என்றும் கேட்டேன். அவர் நகர்த்திக் கொடுத்தார். மூன்றாவது நாள் காலை பத்து மணிக்கு வெயில் சன்னலைத் தாண்டி, போர்வையில் ஏறி, அவள் கைவரைக்கும் வந்தது. உதடு காய்ந்திருந்தது. பஞ்சில் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். ஒரு முறை. இரண்டு முறை. சுவரின்மேல் அவள் பீச்சுவதுபோல. பச்சை வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காதான் என் கையைப் பிடித்துப் பஞ்சை வாங்கிக்கொண்டார்.

"போதும் தம்பி" என்றார்.

கணக்கு தப்பிவிட்டது. சிட்டு இருக்கிறது, கல்பாசி போய்விட்டது. இந்தக் கணக்கை யாரிடம் கொண்டுபோய்ச் சரிபார்க்கச் சொல்வது?

வேலைக்குத் திரும்பினேன். தண்ணீர்மலையில் செம்பருத்திப் புதர் இருக்கிறது, குருவியும் வருகிறது. இப்போதெல்லாம், "இது தேன்சிட்டு. பலர் ஹம்மிங்பேர்ட் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள்" என்கிறேன். படம் எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். தினமும் மாலையில் லென்ஸையும் தண்ணீர்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போவேன். நான் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்க்கமாட்டேன். அதற்கு வெளியே, ஊதாவாய் வெளிறித் தெரிகிற அவளுடைய வட்டத்தைப் பார்ப்பேன். அதுதான் கோடு. கல்பாசிக்கும் அதற்கும் இடையே இன்னும் அரை அரிசிக்கு மேல் இருந்தது. அது உண்மையிலேயே தாண்டுகிற நாளில் நான் போவேன், இரண்டு குல்லாயையும் எடுத்துக்கொண்டு. எழுபது வயது ஆகியிருக்கும். பரவாயில்லை. அந்த நினைப்பில்தான் காலையில் பல் துலக்கினேன்.

ஆறு மாதம் கழித்து அடுக்குமாடி நிர்வாகம் சுவர்களுக்கெல்லாம் சாயம் அடிக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டியது. நான் பெயிண்ட்காரரைத் தேடிப் போய்ப் பிடித்தேன். நிபோங் திபால்காரர், என்னைவிட மூத்தவர், நிதானமான கைக்காரர். சுவரைக் காட்டி, இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். மனைவி வைத்தது என்றேன். சரி என்று தலையாட்டினார். அன்றே நான் ஓர் அட்டையை ஒட்டி மறைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். செய்யவில்லை. என் வேலையெல்லாம் அப்படித்தான்.

அவர் அந்தச் சுவருக்கு வந்த நாளில் நான் கொடிமலைப் பாதையில் எட்டுப் பயணிகளோடு இருந்தேன். போன் வந்தது. வேனுக்குள் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"அண்ணே, உங்க சொவத்துக்கு வந்துட்டேன். கோட்டுக்கு உள்ள விட்டுட்டு வெளிய அடிச்சிடவா?"

"ஆமாண்ணே. கோட்டுக்கு உள்ள மட்டும் கை வச்சிடாதீங்க."

"எந்தக் கோடுண்ணே? இந்த வட்டமா இருக்கே, அதுதானே?"

முன்னால் ஒரு பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் யாரோ, குரங்கு, குரங்கு என்று கத்தினார்கள்.

"ஆமா லா, அந்த வட்டம்தான்" என்றேன்.

எனக்கு ஒரே ஒரு வட்டம்தான் இருந்தது, அவளுடையது. அவர் கண்ணுக்கும் ஒரே ஒரு வட்டம்தான் தெரிந்தது, என்னுடையது.

மாலையில் வந்தபோது சுவர் இளமஞ்சளாக மின்னியது. நடுவில், கப்பல் சன்னல்போல ஒரு வட்டம். பெயிண்ட்காரர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். முகத்தில் பெருமை.

"சின்னத் தூரிகை வச்சு, கோட்டை ஒட்டியே அடிச்சேன் அண்ணே. ஒரு சொட்டு உள்ள போகலை, பாருங்க. வெளியே அழுக்கா ஊதாக் கறை ஒண்ணு இருந்துச்சு, அது தெரியக் கூடாதுன்னு ரெண்டு தடவை அடிச்சுட்டேன்."

உண்மை. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. ஊதா எங்கும் இல்லை. என் கோணல் வட்டம் மட்டும், அதன் எண்ணெய்க் கறையில் பாதியோடு, அழகாகப் பாதுகாக்கப்பட்டிருந்தது.

நான் குந்தினேன். லென்ஸை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். தாண்டிவிட்டதாக அவளுக்கு நான் காட்டிய அந்த நுனியும் மஞ்சளுக்குள் போயிருந்தது. மிச்சமிருந்த கல்பாசி கோட்டுக்குள்ளேயே, கோட்டோடு கோடாக முடிந்திருந்தது. எந்தப் பக்கமும் தாண்டவில்லை. தண்ணீர் பீச்சினேன். மெதுவாகப் பச்சையாயிற்று. நெடுநேரம் பார்த்தேன், அவள் பார்த்த அளவுக்கு.

"ரிஜெக்ட்" என்றேன்.

பெயிண்ட்காரரின் முகம் விழுந்துவிட்டது. "ஏண்ணே? எங்க சரியில்ல? சொல்லுங்க, இப்பவே சரிபண்ணிடுறேன்."

"உங்களை இல்லண்ணே. உங்க வேலை பாஸ்."

"அப்ப யாரை?"

நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். அவர் தூரிகையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாங்கண்ணே, மேல வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன். "நான்தான் போடுவேன். நல்லா இருக்காது."